புகைக்கூண்டுக்கு இடப்பக்கம்

…தண்ணீர்த்தொட்டி தாண்டியாயிற்று, அடுத்தது ஜாடிக் கம்பெனியின் டைம் ஆபீஸ், கூரை போய் சுவர் மட்டும் நிற்குமே, அது, அதற்கு அப்புறம் புகைக்கூண்டு, கூண்டுக்கு இடப்பக்கம் திரும்பினால் சூளைக்கண்டிகை, வலப்பக்கம் திரும்பினால்… வலப்பக்கத்தை நினைக்காதே பஞ்சாட்சரம். ஊறுகாய் ஜாடிக்குப் பேர்போன ஊராக இது இருந்த காலத்தில் மண் வெட்டிய குழி அங்கேதான் இருக்கிறது, ஐப்பசி மழையில் ரோடு மட்டத்துக்கு நிரம்பிக் கிடக்கிறது, கைப்பிடிச் சுவர் கிடையாது. பின்சீட்டில் யோகலட்சுமி, மடியில் தூங்குகிற அவள் பெண். திருத்தணி ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கினால் தினம் என் ஆட்டோவில்தான் ஏறுவாள், "அண்ணா இருந்தா பயமில்ல" என்று வேறு சொல்லுவாள். எனக்குத்தான் பயம். கையெல்லாம் வேர்த்து ஹேண்டில் வழுக்குகிறது, என்னவோ நேற்றுத்தான் லைசென்ஸ் வாங்கினவன் மாதிரி.

முன்னால் மாட்டியிருக்கும் போனை விரலால் தள்ளுகிறேன், தொட்டி போட்டோ போய் டைம் ஆபீஸ் போட்டோ வருகிறது, நிமிர்ந்து பார்க்கிறேன், ஆங், இருக்கிறது, சுவர்ப் பிளவில் அதே அரசங்கன்று. எல்லாம் நானே எடுத்த படங்கள். பழைய கட்டடமெல்லாம் உனக்கு எதுக்குப்பா என்று ஸ்டாண்டில் தணிகைமணி கேட்டபோது, இடிஞ்சி போறதுக்குள்ள எடுத்து வச்சிக்கலாம்னுதான் என்றேன், பொய்யா அது, இடிந்துகொண்டிருப்பது எது என்று மட்டும் சொல்லவில்லை. மேப் போடலாம்தான், ஆனால் தலை நரைக்கிறவரை இதே ரோட்டில் ஓட்டினவன் வண்டியில் ஒரு பொம்பளைக் குரல் லெஃப்ட், ரைட் என்று சொன்னால் ஸ்டாண்டே சிரிக்குமே. முதல் தடவை எனக்கு வழி தப்பியது ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்த மறுநாள், இதே முக்கில், இரண்டு ரோடும் திடீரென்று யார் ஊர் ரோடோ மாதிரி ஆகிவிட்டது, இன்ஜினில் ஏதோ சத்தம் என்று சொல்லி இறங்கி, ஒன்றுமில்லாததைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்… மணியம்மைக்குச் சொல்லவில்லை. கட்டினவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது என்றால், நைனாவைக் கடைசிக் காலத்தில் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினவள் அவள்தானே, இது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். நைனாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, காய் வாங்கப் போனவர் மணவூர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், நான் போய் நின்றதும் மரியாதையாக எழுந்து, "நீங்க எந்த ஊருங்க?" என்றார். பெற்ற பிள்ளையைப் போய் நீங்க என்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் மகனிடம் நானும் அப்படிக் கேட்பேனா, எப்போது, அடுத்த வருஷமா, அடுத்த வாரமா?

போதும், ரோட்டைப் பார். அடுத்த படம் புகைக்கூண்டு, செங்கல் நிறம், உச்சியில் ஒரு காக்கை. நிமிர்கிறேன். இல்லை. வானம்தான் இருக்கிறது. போனில் இருக்கிறது, ரோட்டில் இல்லை, மறுபடி போன், மறுபடி ரோடு… பனைமரத்தைவிட உயரமான கூண்டு எங்கே போகும், அது போகாது, நான்தான் வேறெங்கோ வந்துவிட்டேன், தொட்டியிலேயே தப்பிவிட்டேனா, முருகா, பின்னால் குழந்தை இருக்கிறதே. பிரேக்கை மிதிக்கிறேன். முன்னால் இரண்டு ரோடும் ஒரே மாதிரி ஈரமாகக் கிடக்கின்றன, இரண்டின் ஓரத்திலும் தண்ணீர் மின்னுகிறது.

"இன்னாண்ணா, கூண்டு இல்லாதது ஒரு மாதிரி இருக்குதா?" என்கிறாள் யோகலட்சுமி. "செங்கல்ல கூட பாதி அள்ளிக்கினு போயிட்டாங்க பாருங்க."

இடித்துவிட்டார்களா… இடித்துவிட்டார்கள், அவ்வளவுதானே, கூண்டுதான் போயிருக்கிறது, நான் இருக்கிறேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூச்சு இறங்குகிறது, சிரிப்புக்கூட வருகிறது. "இம்மாம் பெரிய கூண்டு, ஒரு பேச்சு சொல்லாம இடிச்சிட்டாங்களேம்மா" என்கிறேன். கண்ணாடியில் பார்க்கிறேன், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நேத்து நீங்கதானேண்ணா எனக்கே சொன்னீங்க. இங்கயே வண்டிய நிறுத்தி, பாப்பாவ செங்கல் மேல நிக்க வச்சி போட்டோ கூட எடுத்தீங்க."

விரல் தானாகப் போனைத் தள்ளுகிறது. கூண்டுக்கு அடுத்தது அம்மன் கோயில், அதற்கு அடுத்தது யோகலட்சுமி வீட்டு கேட், அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன், இன்னும் ஒன்று வருகிறது. செங்கல் குவியல், மேலே பச்சைக் கவுனில் அவள் பெண், பல் தெரியச் சிரிக்கிறது, கீழே தரையில் போனைப் பிடித்தபடி ஒரு நிழல், என் நிழல். அந்தச் சாயங்காலம் மண்டைக்குள் எங்கேயாவது கிடைக்குமா என்று தேடுகிறேன், கிடைக்கவில்லை. இறக்கி விடச் சொல்லுவாள், நாளைக்கு வேறு வண்டியில் ஏறுவாள், ஸ்டாண்டில் சொல்லுவாள், மணியம்மை காதுக்குப் போகும்… யோகலட்சுமியோ குழந்தையின் தலையை மடியில் சரிசெய்துகொண்டு, அது விழித்துவிடாதபடி மெதுவாக, "லெஃப்ட்டுண்ணா" என்கிறாள்.

நான் வழி கேட்கவில்லை. ஹேண்டிலை இடப்பக்கம் ஒடிக்கிறேன், அந்தக் குரலில் பதற்றமே இல்லையே, பழகின குரலாக இருக்கிறதே, இவள் எத்தனை நாளாக எனக்கு வழி சொல்லிக்கொண்டு வருகிறாள்…