முன்னூறு அடிக்குக் கீழே

சூலூரில் அமிர்தநாதனின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கிடக்கும் பழைய மோட்டார் கூடுகளே பலகை. தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் மோட்டார்களுக்குக் காயில் கட்டி, ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் இறக்கிக் கொடுப்பது அவர் தொழில். இருபத்தெட்டு வருஷம். சுற்று வட்டாரத்தில் அவர் சொன்னால் கிணறே சொன்ன மாதிரி.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை காலை, மரம் வெட்டும் ஐயாசாமி தன் மோட்டாரை வாங்க வந்தார்.

"ஏனுங்க அமிர்தண்ணா, நம்ம மோட்டாரு பொழைச்சுருச்சுங்களா?"

"பொழைச்சுருச்சுங்க. இனி நீங்க கருக்காம வெச்சுக்கிட்டாச் சரி."

"நானெங்கீங்க கருக்கறேன்? கருக்கறது கரண்ட்டு, பேரு எனக்கு." சிரித்துக்கொண்டே ஐயாசாமி மோட்டாரைத் தட்டிப் பார்த்தார். "நாளைக்கே வந்து எறக்கிக் குடுத்துப்போடுங்க. திங்கக்கெழமை எனக்கு வேலை கெடக்குது. காங்கேயம் ரோட்டுல பொங்கியண்ணன் தோட்டம் தெரியுமல்லோ? மிச்சமிருக்கற எழுபது தென்னையும் சாய்க்கறோம். தண்ணியே இல்லாம மரத்தைப் பாத்துட்டு எப்படீங்க உக்காந்திருக்கறதுங்கறாரு."

"தெரியும்" என்றார் அமிர்தநாதன்.

கையைத் துடைத்துக்கொண்டே உள்ளுக்குள் ஏதாவது அசைகிறதா என்று காத்திருந்தார். ஒன்றும் அசையவில்லை. பஞ்சில் கிரீஸ் கறுப்பாக ஒட்டியது. அதைத்தான் பார்த்தார்.

அவர் ஏன் காத்திருந்தார் என்பது புரிய வேண்டுமானால், தரைக்கு முன்னூறு அடிக்குக் கீழே ஒரு பம்ப் எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். பார்ப்பதற்கு அழகான சங்கதியும்கூட.

தோட்டத்து மோட்டாருக்கு மூன்று வயர்கள் போகின்றன. மூன்றிலும் மின்சாரம் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வருவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக வருகிறது. அந்த வரிசை எந்தப் பக்கம் போகிறதோ, மோட்டாரும் அந்தப் பக்கம் சுற்றும். மூன்றில் ஏதாவது இரண்டை இடம் மாற்றிப் போட்டால் வரிசை திரும்பிவிடும், மோட்டாரும் எதிர்ப்பக்கம் சுற்றும். அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் சுற்றினால் தண்ணீர் கீழே போய்விடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். போகாது. அண்டாவில் கைவிட்டுத் தண்ணீரைச் சுழற்றிப் பாருங்கள். வலப்பக்கம் சுழற்றினாலும் இடப்பக்கம் சுழற்றினாலும் தண்ணீர் விளிம்பை நோக்கித்தான் ஏறும். பம்பும் அப்படித்தான். ஆனால் அதன் உள்ளே இருக்கும் சக்கரத்தின் இதழ்கள் ஒரு பக்கத்துக்கென்று வளைத்துச் செய்தவை. மறுபக்கம் சுற்றினால் பாதித் தண்ணீர்தான் வரும். மோட்டார் பாடும், பேனலில் மூன்று விளக்கும் எரியும், குழாயில் தண்ணீர் விழும். எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். மேலே நிற்கிறவனுக்குக் கீழே எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிய வழியில்லை.

அதனால் பம்ப் இறக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இருநூறு லிட்டர் டிரம்மைக் குழாய்க்குக் கீழே வைத்து, நிறைய எத்தனை விநாடி ஆகிறதென்று பார்ப்பார்கள். பிறகு இரண்டு வயரை மாற்றிப் போட்டு மறுபடியும் பார்ப்பார்கள். எது சீக்கிரம் நிறைகிறதோ அதுதான் சரியான பக்கம். பத்து நிமிஷ வேலை. அமிர்தநாதன் இரண்டு கணக்கையும் ஒரு பாக்கெட் நோட்டில் எழுதி வைப்பார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், மாதா கோயில் திருவிழா அன்று, பொங்கியண்ணன் தோட்டத்தில் மோட்டாரை இறக்கியபோது முதல் டிரம் நிறைய நூற்று முப்பத்தொரு விநாடி ஆயிற்று. வயரை மாற்றுவதற்குள் மும்முனை மின்சாரம் நின்றுவிட்டது. மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. சாயங்காலம் தேருக்கு சீரியல் லைட் கட்டுவதாகக் கோயிலில் ஒப்புக்கொண்டிருந்தார். "தண்ணி வருதல்லோங்க, போதும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அன்றைக்குத் தேர் ஜொலித்தது. எல்லோரும் அவர் தோளைத் தட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பொங்கியண்ணன் போனில் கூப்பிட்டார். தண்ணி முன்னைப் போல வரவில்லையே, என்ன விஷயம்? அமிர்தநாதன் வேறொரு கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். "பக்கத்துல உங்க மச்சான் பாலுசாமி புது போர் போட்டிருக்காரல்லோங்க? ஊத்து அந்தப் பக்கம் இழுத்திருக்கும்" என்றார். போய்ப் பார்க்கவில்லை. கிணறே சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

பாலுசாமி வேறு யாருமில்லை, பொங்கியண்ணன் மனைவி கருப்பாத்தாளின் கூடப்பிறந்த அண்ணன். மச்சானும் மாப்பிள்ளையும் வரப்பில் நின்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தை மாதம் பாலுசாமியின் மகள் பிரீத்திகாவுக்குக் கல்யாணம், அத்தைக்காரி போகவில்லை. நாற்பது தென்னை காய்ந்து விழுந்தது.

சித்திரையில் ஒருநாள் அமிர்தநாதன் வேறெதற்கோ பழைய நோட்டைப் புரட்டினார். எல்லாத் தோட்டத்துக்கும் நேராக இரண்டு எண்கள். பொங்கியண்ணனுக்கு நேராக ஒன்றுதான். அந்த மோட்டாருக்கு நூற்று முப்பத்தொன்று ரொம்ப அதிகம் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது.

முதல் மாசம் தூக்கம் வரவில்லை. இரண்டாம் மாசம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. சூடான கம்பியைத் தொட்டுத் தொட்டு விரல்நுனி காய்த்துப் போகிற மாதிரி. பூசைக்குப் போனார், முழந்தாளிட்டார், மெழுகுதிரி கொளுத்தினார். ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தபசு காலம் முழுக்க, மனசு ஒருநாள் உருகும், உருகினதும் போய்ச் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தார். அது உருகவில்லை.

ஐயாசாமி போனதும் கடையைச் சாத்திவிட்டுக் கோயிலுக்குப் போனார். ஈஸ்டருக்கு முன்னால், பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. ஜெஃபின் சாமியார் குமரிப் பக்கத்துக்காரர், குருப்பட்டம் பெற்று மூன்று வருஷம்தான் ஆகிறது. அமிர்தநாதன் முழந்தாளிட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார், வயரின் நிறம் உட்பட.

"வருத்தப்படுறீங்களா?" என்று கேட்டார் சாமியார்.

"அதாங்க சாமி சிக்கல். ஒண்ணுமே தோணலைங்க. மனஸ்தாப மந்திரம் சொல்றப்போ, மனசு நோகுதுன்னு வருது பாருங்க, அந்த எடத்துல வாய் நின்னுருது. நோகலையே, எப்படிச் சொல்றது?"

திரைக்கு அந்தப் பக்கம் சாமியார் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த மோட்டாரைச் சரிபண்ண என்ன செய்யணும்?"

"ரெண்டு வயரை மாத்தோணுங்க. பத்து நிமிசம்."

"மரம் வெட்ட என்னைக்கு வர்றாங்க?"

"திங்கக்கெழமைங்க."

"அப்போ இங்க உக்காந்து என்ன செய்றீங்க?"

"மன்னிப்புக் கேக்கத்தானுங்க சாமி" என்றார் அமிர்தநாதன்.

"மன்னிப்பு வேணும், சரி. நோகணும்னு காத்திருந்தா மரம் போயிரும்" என்றார் சாமியார். "நோகுறதை ஆண்டவர்கிட்ட விட்டிருங்க, அது அவர் வேலை. அந்தத் தப்பு வேண்டாம்னு முடிவு பண்றதும் திரும்பிப் போறதும் உங்க வேலை. போயிட்டு வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குப் பூசை, அதுக்கு முன்னாடி நான் இங்கதான் இருப்பேன். மிச்ச மந்திரத்தை அப்போ முடிக்கலாம்." பிறகு குரலை இறக்கி, "வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்றார்.

இருந்தது. பல்லடம் தாண்டி, வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டினார். சாம்பல் புதன் அன்று இதே சாமியார் பீடத்தில் நின்று, கடவுளுடைய அரசு பக்கத்தில் வந்துவிட்டது, அதனால் மனம் மாறுங்கள் என்று பேசியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அது நெற்றிச் சாம்பலோடு உதிர்ந்துபோன பேச்சு. இப்போது ஒரு தொழில்காரனின் கணக்காக அதை யோசித்தார். அரசு என்றால் அதற்கு எல்லை இருக்கும். ஒருவரை ராஜா என்று ஒப்புக்கொண்டால், அவர் எல்லை தரையோடு நின்றுவிடுமா? தார் ரோடும் கோயிலும் தேரும் மட்டும் அவருடையது, முன்னூறு அடிக்குக் கீழே இருப்பது என்னுடையது என்று நான் வைத்துக்கொள்ள முடியுமா? யாரும் பார்க்க முடியாத அந்த இடத்திலும் சரியான பக்கம் சுற்ற வேண்டும் என்பதுதானே அவர் ஆட்சியில் இருப்பது? யோசனை தெளிவாக இருந்தது. மனசில் மட்டும் ஒன்றுமில்லை.

தோட்டத்தில் பொங்கியண்ணன் சுண்ணாம்பு டப்பாவோடு தென்னைகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். முப்பத்தெட்டாவது மரத்தில் இருந்தார்.

"வாங்க அமிர்தம். என்ன இந்த வெயில்ல?"

"தண்ணி குடிக்கறீங்களாண்ணா?" என்றாள் கருப்பாத்தாள். "குடிக்கற அளவுக்கு இருக்குது. மரத்துக்குத்தான் இல்லை."

"மோட்டாரை ஒருதடவை பாத்துபோட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"இனிப் பாத்தென்ன? கழட்டி எடுத்துட்டுப் போங்க" என்றார் பொங்கியண்ணன். ஆனால் தடுக்கவில்லை.

டிரம்மைக் குழாய்க்குக் கீழே உருட்டி வைத்தார். ஓட்டினார். நூற்று முப்பத்தெட்டு விநாடி. மெயினை அணைத்து, டெஸ்டரை வைத்துப் பார்த்து, அதற்குமேல் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பழைய ஆட்கள் எல்லோரும் புறங்கையால்தான் தொடுவார்கள். மின்சாரம் இருந்துவிட்டால் உள்ளங்கை கம்பியை இறுகப் பிடித்துக்கொள்ளும், புறங்கை விலகி வந்துவிடும். மஞ்சளையும் நீலத்தையும் கழற்றி இடம் மாற்றி முடுக்கினார். மெயினைப் போட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

குழாய் இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் வாய் கொள்ளாமல் வந்து டிரம்மின் அடியில் அறைந்தது. அறுபத்தாறு விநாடி. டிரம் நிறைந்து வழிந்து, சுண்ணாம்புத் தூள் கிடந்த வாய்க்காலில் ஓடியது.

கருப்பாத்தாள் ஓடிவந்து தண்ணீரில் கைவிட்டாள். "ஏனுங்க, இங்க பாருங்க! மாசாணியாத்தாளுக்கு வேண்டிட்டு வந்தேன். உங்க மாதா ஆளனுப்பிட்டா போங்க!" முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டாள். "அமிர்தண்ணா, கால்ல வேணா உழுகறேன்."

பொங்கியண்ணன் டப்பாவைக் கீழே வைத்தார். "என்ன கோளாறுங்க தம்பி?"

அங்கேதான் அமிர்தநாதன் ஒரு நிமிஷம் நின்றார். பதில் தயாராக இருந்தது. மின்வாரியத்துக்காரர்கள் டிரான்ஸ்பார்மரில் வேலை செய்யும்போது சில சமயம் லைனை மாற்றிக் கட்டிவிடுவார்கள், மோட்டார் தானாகவே எதிர்ப்பக்கம் ஓட ஆரம்பித்துவிடும். நிஜமாகவே நடக்கிற சங்கதி. சொன்னால் யாரும் நம்புவார்கள். மரம் பிழைத்துவிடும். தோளைத் தட்டுவார்கள், தேர்த் திருவிழா அன்றைக்குத் தட்டியது போல.

"கோளாறு மோட்டார்ல இல்லைங்க" என்றார். "நான் செஞ்சது. அன்னைக்கு ரெண்டாவது பக்கம் ஓட்டிப் பாக்காமப் போயிட்டேன். ஒன்றரை வருசமா பம்ப் பின்னால சுத்திட்டிருந்துச்சு. உங்க ஊத்து எங்கயும் போகலைங்க. உங்க மச்சான் போருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

பொங்கியண்ணன் நடந்துபோய் மோட்டாரை நிறுத்தினார்.

"எப்பருந்து தெரியும் உங்களுக்கு?"

"பதினொரு மாசமாத் தெரியுங்க."

"பதினொரு மாசம்." பொங்கியண்ணன் வெட்டிப்போட்ட அடிமரங்களைப் பார்த்தார். "தலைக்கு ஒசந்த மச்சான் சட்டையைப் புடிச்சேன். தண்ணித் திருடன்னு சொன்னேன், ஊரே கேக்க."

கருப்பாத்தாள் முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "பிரீத்திகா கழுத்துல தாலி ஏறறதை நான் போன்லதான் பாத்தேன்" என்றாள். பிறகு அவரை உற்றுப் பார்த்தாள். "இத்தனையும் சொல்றீங்க, மூஞ்சில ஒண்ணும் காணமே. உங்களுக்கு அழுகையே வரலீங்களா?"

"வரலீங்க அம்மணி. வந்ததுக்கப்புறம் சொல்லலாம்னுதான் இத்தனை நாள் இருந்தேன். வரவே இல்லை. அதான் வராமலே வந்துட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

பொங்கியண்ணன் அடிப்பார் என்று அமிர்தநாதன் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும். அவர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். "ஐயாசாமிக்கு போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிப்போடு" என்றார் மனைவியிடம். அமிர்தநாதன் பக்கம் திரும்பினார். "வாங்க. இதையே அங்க வந்து சொல்லுங்க. நான் சொன்னா மச்சான் நம்ப மாட்டார்."

"நானும் வாரேன்" என்று கருப்பாத்தாள் மோட்டாரைத் திரும்பப் போட்டுவிட்டு, தென்னைப் பக்கம் மடையைத் திறந்துவிட்டு வந்தாள்.

இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் மூன்று பேரும் நடந்தார்கள். அமிர்தநாதனுக்கு நெஞ்சு இன்னும் பழையபடியே கிடந்தது. கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அது போதும் என்று நினைத்தாரா என்றால், அப்படியும் நினைக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் சூலூர் போய்ச் சேர முடியுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டார்.

பாலுசாமி வீட்டு கேட்டுக்கு முன்னால் பொங்கியண்ணன் நின்றுவிட்டார். உள்ளே நாய் குரைத்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். 'மச்சான்' என்று கூப்பிட ஒன்றரை வருஷமாக வாய்க்குப் பழக்கமில்லை. கருப்பாத்தாளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

இரும்பு கேட் உச்சி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அமிர்தநாதனின் கை தன் பழக்கத்தில் புறங்கையை முன்னால் நீட்டியது. சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பிறகு உள்ளங்கையை வைத்துத் தள்ளித் திறந்தார்.

"யாருங்க அது?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏனுங்க, நான் மோட்டார் மெக்கானிக் அமிர்தநாதனுங்க" என்றார். "கூட உங்க தங்கச்சியும் மாப்பிள்ளையும் வந்திருக்காங்க. அவங்க பேசறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லோணுங்க."