வியாழக்கிழமைக் கட்டம்

எட்டரை மணியிலிருந்து வைண்டிங் பிரிவில் எட்டுப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுவதற்குத் தாமிரக் கம்பி இல்லை. நேற்றே வந்திருக்க வேண்டிய கம்பி. துடியலூரில் இருக்கும் எங்கள் பம்புசெட் கம்பெனியில் எந்த நாள் எந்த மெஷினில் என்ன ஓட வேண்டும் என்று திட்டம் போடுகிறவள் நான்தான், சண்முகப்பிரியா. அதனால் எல்லாக் கண்ணும் என் மேல்தான்.

சூப்பர்வைசர் சாஜிதா பேகம் அக்கா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய நீலக் கோட்டுக்குக் கீழே பச்சைப் பட்டின் ஜரிகை தெரிந்தது.

அவர் மகள் இஃப்ராவுக்கு இன்று பத்து மணிக்குக் கோட்டைமேட்டில் நிச்சயம். திங்கட்கிழமையே லீவு கேட்டு வந்தார். நான் ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். புதன் கம்பி வரவு, வியாழன் வைண்டிங், சனிக்கிழமை லோடு ஏற்றி அனுப்புவது. முதல் கம்பிச் சுருளை அவர் சுற்றிக் காட்டினால்தான் மற்றவர்கள் தொடங்க முடியும்.

"பர்ச்சேஸ் கோபாலசாமி அண்ணன் புதன்னு போட்டா வெள்ளிக்கெழமதானுங்க மேடம் வரும்," என்றார்.

"அதெல்லாம் அந்தக் காலங்க்கா. இப்பப் பர்ச்சேஸும் புரொடக்‌ஷனும் ஒரே சாஃப்ட்வேர்ல இருக்குது. அதது தானா சேந்துக்கும்."

எவ்வளவு திமிர் எனக்கு! நான்கு மாதம் கண் விழித்து இரண்டையும் இணைத்தவள் என்ற திமிர். அவர் சரிங்க என்று போய்விட்டார். இன்று காலை ஒன்பது மணிக்கும் ஒருமுறை கேட்டார், "கம்பி வரலீங்களே, நான் கெளம்பட்டுங்களா?" என்று. பத்து நிமிடம் பொறுங்கள், வண்டி வந்துவிடும் என்றேன். பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே மணி பத்தரை ஆனது.

அப்போதுதான் பர்ச்சேஸ் கோபாலசாமி அண்ணன் சூலூரில் ஒரு சப்ளையரைப் பார்த்துவிட்டு, வெயிலில் முகம் சிவந்து உள்ளே வந்தார். கம்பி எங்கே என்று மறித்தேன்.

"நாளைக்குத்தானுங்க அம்மணி வரும்."

"புதன்னு போட்டிருக்கீங்களே அண்ணா!"

"ரெண்டு நாள் முன்னாடி போட்டாத்தானுங்க அவனுகளை வெரட்ட முடியும். எட்டு வருசமா அப்படித்தான் போடறேன். சாஜிதாவுக்குத் தெரியுமே?"

தெரியும். அவர் எழுதிய தேதியோடு இரண்டு நாள் கூட்டித்தான் அக்கா தன் மெஷின்களைத் திட்டமிட்டு வந்திருக்கிறார். இருவரும் இதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. ஒரு லோடும் தவறியதில்லை. நான் போய் அவர் தேதியை நேராக இவர் மெஷினில் கட்டிவிட்டேன். கூட்டுவதற்கு அக்காவுக்கு இடமே வைக்கவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டதுகூடப் பரவாயில்லை, நான் அதை அடுத்தவர் மடியில் அல்லவா விட்டேன்! ஆத்திரம் கோபாலசாமி அண்ணன் மேல் வந்தது, சாஃப்ட்வேர் மேல் வந்தது, கடைசியில் என் மேலேயே வந்து நின்றது.

வைண்டிங்குக்கு ஓடினேன். "அக்கா, கெளம்புங்க. ஆபீஸ் கார்லயே போயிருங்க."

"மோதரம் போட்டுட்டாங்களாம் மேடம். எங்க நாத்தனார் ஆமினா என் எடத்துல நின்னு பாத்துக்கிட்டாங்க," என்றார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

என் மேசைக்குத் திரும்பினேன். அதற்குள் கோபாலசாமி அண்ணன் தேதியைத் திருத்தியிருந்தார். சாஃப்ட்வேர் ஒரு நொடியில் எல்லாவற்றையும் நகர்த்தி, வைண்டிங்கைச் சனிக்கிழமைக்குக் கொண்டுபோயிருந்தது. சாஜிதா பேகம் என்ற பெயருக்கு நேரே வியாழக்கிழமைக் கட்டம் வெள்ளையாக இருந்தது. வேலை இல்லை என்று அதில் எழுதியிருந்தது.

கண்ணாடி வழியே பார்த்தேன். அக்கா கம்பி தீர்ந்த காலி பாபின் ஒன்றில் ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தார். தலை நிறையப் பூவோடு இஃப்ரா அதில் மோதிர விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு என்ன கேட்டாளோ, அக்கா இரண்டடி பின்னால் போய், நீலக் கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, முழுப் புடவையும் தெரியும்படி ஃபோனுக்கு நேராக நின்றார்.