வாசலுக்குப் போன புடவை

ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை காலை, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த அனிதாவின் எலெக்ட்ரிக் கடையில் போன் அடித்தது. எடுத்தால், அரியலூர் ஜவுளிக்கடை முதலாளி செல்லமுத்து.

"அனிதாம்மா, புடவை வாசலுக்குப் போயிடுச்சும்மா."

வீட்டில் இழவு விழுந்ததைச் சொல்கிற குரல். அனிதா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும். புடவை எடுக்கப் போகிற நம் பெண்கள் கடைக்காரரை நம்பினாலும் நம்புவார்களே தவிர, கடை விளக்கை நம்ப மாட்டார்கள். எவ்வளவு பிடித்திருந்தாலும் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, சூரிய வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தால்தான் திருப்தி. உள்ளே அரக்காக இருந்தது வெளியே காப்பிக்கொட்டை நிறமாகிவிட்டால் வியாபாரம் போச்சு. செல்லமுத்துவின் ஆயுளில் பாதி அந்த வாசலைப் பார்த்துப் பயந்தே கழிந்திருந்தது.

சித்திரையில் அவர் கடைக்கு எல்.இ.டி. விளக்கு போட்டுக் கொடுத்தது அனிதாதான். பாலிடெக்னிக் படிப்பு அவளுடையது, ஏணி ஏறுகிற வேலை அவள் புருஷன் மகேஷுடையது. இரண்டாயிரத்து ஏழில் அந்தப் பக்கம் எல்.இ.டி. என்றால் கோயில் திருவிழா சீரியல் செட் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதைப் பலகை பலகையாக அடுக்கி, மேலே பால் நிற மூடி போட்டு, புடவை செக்ஷன் முழுக்கத் தலைக்கு மேல் தொங்கவிட்டபோது செல்லமுத்துவுக்குக் கண் கூசியது.

"எதுக்கும்மா இவ்ளோ? இதுல முக்காவாசி போதுமே."

"மாட்டுற அன்னிக்கு இருக்கற வெளிச்சத்த வெச்சுக் கணக்குப் போடக்கூடாதுங்க ஐயா. ட்யூப்லைட்டு போறப்ப கண்ணைச் சிமிட்டி ஊரைக் கூட்டிட்டுப் போகும். இது அப்படி இல்ல. எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், ஆனா வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மங்கும். உங்க ஊரு சிமெண்ட் லாரிப் புழுதி வேற படியும். அதுக்கெல்லாம் சேத்துத்தான் இப்பவே கூடப் போடறேன்."

செல்லமுத்து யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அதாவது, தொவைச்சா சுருங்குமேன்னு காடாத் துணிக்கு சுருக்கம் சேத்து வெட்டுற மாதிரி?"

"அதேதாங்க!"

துணிக்காரரிடம் துணியை வைத்துப் பேசினால் பாதி வேலை முடிந்த மாதிரி. அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் 'வெளிச்சத்துக்கும் சுருக்கம் உண்டு தெரியுமா' என்று தானே கண்டுபிடித்ததுபோல அவர் பேச ஆரம்பித்துவிட்டார். அனிதாவும் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "மூணு வருஷத்துக்கு ஒரு புடவை வாசலுக்குப் போகாதுங்க. போனா நானே வந்து அத்தனையும் கழட்டிட்டுப் பழைய ட்யூப்லைட்டை மாட்டித் தரேன்" என்று கடைவீதியே கேட்கச் சொல்லிவிட்டாள். அதைக் கேட்டவர்களில் பூலாம்பாடியில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்த வீரமணியும் ஒருவர். "இந்தக் கடையில தாங்குதான்னு பாப்போம். தாங்குனா என் மண்டபம் உனக்குத்தான்" என்றிருந்தார். மூன்று வருஷம் வேண்டாம், ஆறு மாதம்கூட முடியவில்லை. அதற்குள் புடவை வாசலுக்குப் போய்விட்டது.

"கீழப்பழுவூர் பொன்னுத்தாய், பொண்ணு கல்யாணத்துக்கு எடுக்க வந்துச்சும்மா. உள்ள ஒரு கலர், வெளிய ஒரு கலருன்னு சொல்லிடுச்சு. சாயந்தரம் பொண்ணைக் கூட்டிட்டு வருமாம். அப்பவும் சரியில்லன்னா நாளைக்குத் திருச்சி போயிடுமாம். நீ வந்து பாரு. இல்லாட்டி இன்னிக்கே கழட்டிக்க."

அனிதாவும் மகேஷும் அரியலூர் பஸ் ஏறினார்கள். விளக்குகளைக் கழற்றி, அதே பஸ்ஸில் மூட்டையாகக் கொண்டுவருவதை அனிதாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்புறம் பெரம்பலூரில் எவன் அவளிடம் எல்.இ.டி. வாங்குவான்? மகேஷ் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "வாக்குக் குடுக்கறப்பவும் கொஞ்சம் சுருக்கம் சேத்துக் குடுத்திருக்கலாம்" என்றான். அவள் முழங்கையால் ஒரு இடி கொடுத்தாள். அதோடு மனசு கொஞ்சம் லேசானது.

கடைக்குள் நுழைந்ததும் தெரிந்துவிட்டது. விளக்குகள் எல்லாம் எரிந்தன, ஆனால் மஞ்சள் பூத்து, காமாலைக் கண்ணுபோல எரிந்தன. வெளிச்சம் அளக்கிற மீட்டரை வைத்துப் பார்த்தாள். சித்திரையில் காட்டியதில் பாதிதான் காட்டியது. இவ்வளவு சீக்கிரம் எப்படி? புழுதிக்குச் சேர்த்திருந்தாள், வயசுக்குச் சேர்த்திருந்தாள். போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களோ?

"மாசாமாசம் தொடைக்கச் சொன்னேனே ஐயா?"

"பசங்ககிட்ட அப்பவே சொல்லிட்டேனே" என்றார் செல்லமுத்து. கடைப் பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்படி மீட்டரும் கையுமாக அல்லாடியதில் பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரம். உள்ளே இருந்து செல்லமுத்துவின் மனைவி கொளஞ்சியம்மாள் சாம்பிராணிக் கரண்டியோடு வந்தாள். சாமி படத்துக்குக் காட்டினாள், கல்லாவுக்குக் காட்டினாள். பிறகு முக்காலியைப் போட்டு ஏறி, தலைக்கு மேலிருந்த முதல் பலகைக்கு நேரே கரண்டியைப் பிடித்தாள். புகை குபுகுபுவென்று மூடியில் போய் முட்டியது. மகேஷ் இருமினான். புகை போதுமென்று தோன்றியதும் அம்மாள் சந்தனத்தைக் குழைத்து, பால் நிற மூடியின் நட்டநடுவில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு வட்டம் காய்ந்து அடை தட்டியிருந்தது.

"தெனமும் செய்வீங்களாம்மா?" அனிதா அந்த வட்டத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"பின்ன? ஊரே பாத்துட்டுப் போவுது. கண்ணு பட்டுடாதா? இந்தப் பசங்க ஈரத்துணியத் தூக்கிக்கிட்டு வந்தானுவ. பொட்டு வெச்ச வெளக்கத் தொட்டா கையை ஒடிப்பேன்னு வெரட்டி வுட்டுட்டேன்."

அனிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சிமெண்ட் லாரிக்குச் சேர்த்தவள் சாம்பிராணிக்குச் சேர்க்கவில்லையே! அவளுடைய விளக்கை இந்தப் பூமியில் இந்த அம்மாளைவிட அதிகமாக நேசித்தவர் யாரும் இல்லை. அந்த நேசம்தான் இப்போது அவளை நடுத்தெருவில் நிறுத்தப் பார்க்கிறது. செல்லமுத்துவுக்கும் புரிந்துவிட்டது. அவர் முகம் சிவக்க வாயைத் திறந்தார். இத்தனை பேர் முன்னால் அவர் கத்தினால் அந்த அம்மாள் உடைந்துபோவாள். அனிதா முந்திக்கொண்டாள்.

"அம்மா, வூட்டுல குத்துவெளக்குக்கு எப்பப் பொட்டு வெப்பீங்க?"

"வெள்ளிக்கெழம. வியாழக்கெழமையே புளி போட்டுத் தேச்சு வெச்சுட்டு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். நிமிர்ந்து மேலே பார்த்தாள். கன்னத்தில் கை போனது.

"அடியாத்தி! சித்திரைலேர்ந்து தேய்க்காத வெளக்குக்கா பொட்டு வெச்சுக்கிட்டிருக்கேன்? மகாலெச்சுமி என்னா நெனச்சிருப்பா! டேய், தண்ணி கொண்டாங்கடா!"

புளியோடு கிளம்பியவளைத் தடுத்து, சோப்புத் தண்ணீரே போதும் என்று புரியவைப்பதற்குள் மகேஷுக்கு வேர்த்துவிட்டது. வரிசை வரிசையாக விளக்கை அணைத்து, ஏணியில் ஏறித் துடைத்தான். பையன்கள் துணியைப் பிழிந்து பிழிந்து கொடுத்தார்கள், தண்ணீர் கஷாயம் மாதிரி ஓடியது. துடைத்து ஏற்றிய முதல் பலகை பளிச்சென்று எரிந்ததும், அதுவரை நன்றாகத்தான் எரிகிறது என்று நினைத்திருந்த மற்றவை எல்லாம் அழுது வடிந்தன. கடைசிப் பலகையும் துடைத்து முடிந்ததும் அனிதா மீட்டரைப் பார்த்தாள். சித்திரையைவிட ஒரு துளி குறைவு, அவ்வளவுதான். இந்நேரத்துக்கு இவ்வளவு குறையும் என்று அவள் எதிர்பார்த்திருந்த அதே துளி.

ஏணியை மடக்கவும் பொன்னுத்தாய் மகள் ஜோதியோடு படியேறவும் சரியாக இருந்தது. செல்லமுத்து காலையில் காட்டிய அரக்குப் புடவையையே விரித்தார். ஜோதி பார்த்ததும் தோளில் போட்டுக்கொண்டாள். பொன்னுத்தாய் தடவிப் பார்த்தாள், முந்தியைப் பார்த்தாள், "நல்லாத்தான் இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, மகள் தோளிலிருந்து புடவையை உருவிக்கொண்டு எழுந்தாள். நேரே வாசலுக்கு நடந்தாள்.

அனிதாவுக்கு உயிரே போய்விட்டது. மகேஷின் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்லமுத்து கண்ணை மூடிக்கொண்டார். கொளஞ்சியம்மாள் திருநீற்றுத் தட்டைத் தேடினாள்.

வெளியே பொழுது போய் இருட்டியிருந்தது. தெருவிளக்கு ஒன்று தூரத்தில் தூங்கி வழிந்தது. பொன்னுத்தாய் புடவையை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், மூக்குக்கிட்டே கொண்டுபோனாள். பிறகு சலித்துக்கொண்டு படியேறி வந்து, விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

"வெளிய ஒண்ணுந் தெரியலீங்க. உள்ளயே பாத்துக்கறேன். அந்த மாம்பழக் கலரையும் எடுங்க."

அரியலூர்க் கடைவீதியில் வாசலுக்குப் போன புடவை ஒன்று, கலர் பார்க்க உள்ளே திரும்பி வந்தது அன்றுதான். செல்லமுத்து ஒரு கண்ணைத் திறந்தார், பிறகு இன்னொன்றையும் திறந்தார். பொன்னுத்தாய் அரக்கையும் மாம்பழத்தையும் கட்டச் சொன்னதும், அவரே போனை எடுத்துப் பூலாம்பாடி வீரமணியைக் கூப்பிட்டு, வெளிச்சத்தின் சுருக்கத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்து முடித்து, ரிசீவரை அனிதாவிடம் கொடுத்தார். கொளஞ்சியம்மாள் அதற்குள் முக்காலியில் ஏறி, இந்தத் தடவை மூடியை விட்டுவிட்டு இரும்புச் சட்டத்தின் ஓரத்தில் சின்னதாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எப்பம்மா வேலைய ஆரம்பிக்கற?" என்றார் வீரமணி.

"ஆரம்பிச்சுடலாங்கண்ணே. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. மண்டபத்துல சாம்பிராணி யாரு போடப் போறா?"

"எங்கம்மாதான். ஏன் கேக்கற?"

"ரொம்பப் போடுவாங்களா?"

"எங்கம்மா போட்டா பூலாம்பாடியே மணக்கும்!" என்றார் வீரமணி பெருமையோடு.

அனிதா மகேஷைப் பார்த்தாள். "இன்னும் நாலு பலகை சேத்துக்கய்யா" என்றாள்.