கரவன் சாய்ந்த பக்கம்

பிரதாபன் வேலையால் வந்து, பின்வளவில் சில்லுகள்மேல் நின்ற கரவன் வண்டிக்குள் ஏறியபோது, காலையில் சாத்திவிட்டுப் போன அலுமாரிக் கதவு வாயைப் பிளந்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. அவன் சப்பாத்தைக் கழற்றவில்லை. நீர்மட்டத்தை எடுத்துத் தரையில் வைத்துக் குந்தினான். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுக்கோட்டில் நிற்காமல் பின்சுவர்ப் பக்கமாக ஓடியது. முன்பக்கம் இறங்கியிருந்தது. குறுக்கே வைத்துப் பார்த்தான். வலது பக்கமும் இறங்கியிருந்தது.

நேற்று மாலைதான் எல்லாப் பக்கமும் மட்டம் பார்த்து வைத்தான். போன கிழமையும் இதே கதைதான். கரவனுக்குக் கீழே கொங்கிரீட். கொங்கிரீட் ஒரு பகலில் அமுங்காது. மழையும் பெய்யவில்லை. பிரதாபன் சிவில் என்ஜினியரிங் படித்தவன். எதுவும் காரணமில்லாமல் இறங்காது என்பதில் அவனுக்குச் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் வீட்டுக்குள் இருந்த ஆட்களில்தான்.

வீடு லண்டன் லூயிஷாமில், அவனுடைய மாமா விஜயரத்தினத்தினுடையது. மாசி மாதம் அவன் மனைவி துஷ்யா செத்துப்போனாள். மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். முப்பது வயதுகூட முடியவில்லை. அவன் பிளாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாலு வயது மகள் கோசிகாவைக் கூட்டிக்கொண்டு துஷ்யாவின் தாய் தகப்பனிடம் வந்தான். அழவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், தட்டில் போட்டதைச் சாப்பிட்டான். ஊரில் யுத்தம் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ரிவிப் பெட்டியும் போடுவதில்லை. அவன் பேசாமல் இருந்தது ஒருவருக்கும் புதினமாகப் படவில்லை.

ஆடியில் துஷ்யாவின் அக்கா நிர்மலா சுவிஸிலிருந்து லீவில் வந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அவன் இருந்த அறை அவளுக்குப் போயிற்று. கோசிகா எப்போதும்போல அம்மம்மாவோடு படுத்தாள். பிரதாபன் ஹோலில் படுப்பதைப் பார்த்து, கூட வேலை செய்யும் ஐரிஷ்காரர் டெக்லன் தன் பழைய கரவனை இழுத்துக்கொண்டு வந்து பின்வளவில் விட்டுவிட்டுப் போனார்.

போகுமுன் டெக்லன் ஒரு காரியம் செய்தார். மாமா மதில் கட்டி மிச்சம் வைத்திருந்த சிமெந்துக் கற்களைப் பிரதாபன் சில்லுக்கடியில் வைக்கக் கொண்டுவந்தபோது, அவற்றைக் காலால் தள்ளிவிட்டார். சிமெந்துக்கல் சொல்லாமல் உடையும், மரம் உடையமுதல் முனகும், முனகுகிறதை நம்பு என்றார். பிறகு காரிலிருந்து பழைய ரயில்பாதைக் கட்டையில் அறுத்த துண்டுகளை இறக்கினார். தடித்தது, மெல்லியது, கால்மிதி அளவு அகன்றது. வளவு சரிவானது. பள்ளமான பக்கத்துச் சில்லுக்கு முதலில் கட்டை. அடுத்ததாகக் கரவனின் முன்நுனியில், மூக்கடியில் இருக்கும் சின்னச் சில்லைக் கைபிடியால் சுற்றி முன்பின் மட்டம். கடைசியில் நாலு மூலைக்கால்களையும் கட்டைமேல் இறக்க வேண்டும். மூலைக்கால் ஆடாமல் பிடிக்கத்தான், தூக்கி நிறுத்த அல்ல.

பிரதாபன் அன்று பின்னேரம் முழுக்கக் கட்டை தெரிந்தெடுத்தான். ஒன்றை வைத்தான், எடுத்தான், மற்றதை வைத்தான். மாசிக்குப் பிறகு அவன் மனம் பொருந்திச் செய்த முதல் வேலை அது. ஏனென்றால் அவனுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. கரவன் ஆடாமல் சரியாமல் நின்றால் கோசிகாவைத் தன்னோடு அங்கே படுக்கவைக்கலாம். அப்பாவும் மகளும் ஒரு கூரைக்குக் கீழே. குளிர் தொடங்குமுன் ஒரு வீடு எடுக்கலாம். முன்பக்கத்தில் படுக்கையாக விரியும் வாங்கிலில் பிள்ளை உருண்டு விழாமலிருக்க ஒரு மறைப்புப் பலகைகூட அடித்தான்.

நிர்மலா ஞாயிற்றுக்கிழமை திரும்புகிறாள். லூயிஷாம் சந்தையில் அவள் ஒரு சின்ன சூட்கேஸ் வாங்கியிருந்தாள். பெரியவர்களின் உடுப்பு அதற்குள் அடங்காது. ஒருநாள் குளியலறைக்குள் நின்று அவள் சுவிஸுக்குப் போனில் பேசியது அவன் காதில் விழுந்தது. "பிள்ளையைப் பள்ளிக்கூடம் தொடங்க முதல் கொண்டுவந்தால்தான் அங்க சேர்க்கலாம். ஓம். அம்மாவோட கதைச்சிட்டன்."

என்ன கதைத்தாள், மாமி என்ன சொன்னார் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

பிறகு பால் விஷயம் நடந்தது. கரவனின் பிரிட்ஜ் காஸில் ஓடுவது. கரவன் சாய்ந்து நின்றால் குளிராது. முதல்தரம் சாய்ந்தபோது அது அவனுக்குத் தெரியாது. நிர்மலா கோசிகாவைக் கூட்டிக்கொண்டு கரவன் பார்க்க வந்தாள். அவன் தேத்தண்ணி போட்டான். பால் கோப்பைக்குள் திரிதிரியாகத் திரைந்து மிதந்தது. நிர்மலா கோப்பையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள், கீழே வைத்தாள். அன்று பின்னேரம் குசினிக்குள் தாயிடம் சொன்னாள். "பிள்ளைக்குப் பழுதாப்போன பாலோ குடுக்கப்போறார்?"

யாருக்கு இலாபமோ அவர்தான் கட்டையில் கை வைக்கிறார். பிரதாபனின் கணக்கு அப்படி ஓடியது.

இந்தத் தடவை அவன் எல்லாவற்றையும் திரும்ப மட்டமாக்கி, ஒவ்வொரு கட்டையைச் சுற்றியும் கோசிகாவின் சோக்குக் கட்டியால் கோடு போட்டான். மற்றநாள் மாலை வந்து பார்த்தபோது முன் வலது மூலையில் சோக்குக் கோடு வளைத்த இடம் அகலமாக இருந்தது. அதற்குள் இருந்த கட்டை ஒடுக்கம். தடித்த கட்டை மதிலோரம் மற்றவற்றோடு அடுக்கியிருந்தது. ஒழுங்காக, விளிம்புக்கு விளிம்பு பார்த்து.

இரவுச் சாப்பாட்டில் புட்டைக் குழைத்தபடி கேட்டான்.

"ஆராவது கரவனடிக்குப் போனீங்களோ?"

மாமி நகுலேஸ்வரி சொதியைக் கலக்கினார். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நரியாயிருக்கும்," என்றார் மாமா. "லண்டன் நரியள் பொல்லாத சாமான். பக்கத்து வீட்டுச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு போனது."

"நரி கைபிடி சுத்துமோ அப்பா?" நிர்மலா சிரித்தாள்.

"நரி சுத்தினதெண்டு நான் சொன்னனே? கீழ புகுந்து உரஞ்சியிருக்கும்."

மாமி எழுந்து குசினிக்குள் போனார். சொதி எடுக்கப் போவதாகச் சொன்னார். சொதி மேசையில்தான் இருந்தது.

பிரதாபன் மூவரையும் பார்த்தான். கைபிடி சுற்றியது என்று அவன் சொல்லவே இல்லை. நிர்மலாவுக்கு அது எப்படித் தெரியும்? மாமா ஏன் அவளை முந்திக்கொண்டு நரியை இழுத்தார்? மாமி ஏன் எழும்பினார்? எல்லாரும் சேர்ந்துதான் என்று நினைத்தான். பல மாதத்துக்குப் பிறகு அவனுக்குக் கோபம் வந்தது.

"அப்பா, நரி வந்தா எனக்குக் காட்டுவீங்களா?" என்று கோசிகா கேட்டாள்.

"ஓம்," என்றான்.

வெள்ளிக்கிழமை கட்டட வேலையில் தனக்கு மேலான மேசனிடம் வயிற்றுக்குத்து என்று சொல்லி அரை நாள் லீவு எடுத்தான். வாசலால் போகவில்லை. பக்கத்து ஒழுங்கையால் வந்து, பின்வளவுக் கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே இரும்பு கீச்சிட்டது.

"மெதுவாச் சுத்துங்கோப்பா. கத்துது." மாமியின் குரல்.

"ஆருக்குக் கேக்கும்? அவர் வேலைக்குப் போட்டார். இவள் பிள்ளையோட பார்க்குக்குப் போட்டாள்."

"அங்கால வீட்டு வெள்ளைக்காரிக்குக் கேக்கும்."

"அவளுக்கு ஈசான மூலையைப் பற்றி என்ன தெரியும்? நீர் அதைச் சரியாப் பிடியும். முள்ளு ஆடுது."

"என்ர கைதான் ஆடுது."

பிரதாபன் கதவைத் தள்ளினான். மாமா மூக்குச் சில்லின் கைபிடியைப் பிடித்தபடி குனிந்து நின்றார். மாமி கோயிலுக்குக் கட்டிய சேலையோடு கொங்கிரீட்டில் குந்தியிருந்தார். ஒரு கையில் மெல்லிய கட்டை. மறு கையில் பவுண்ட் கடையில் விற்கும் திசைகாட்டி.

"என்ன செய்யிறீங்கள்?"

"நரியொண்டு..." என்று மாமா தொடங்கினார்.

"சும்மா இருங்கோப்பா," என்றார் மாமி. எழும்ப முயன்று, முழங்கால் விடாமல், அப்படியே இருந்து பேசினார். "ஈசான மூலை தாழ இருக்கவேணும் தம்பி. வடகிழக்கு. கன்னி மூலை, தென்மேற்கு, உயர இருக்கவேணும். நீங்கள் நாலு மூலையையும் ஒரே மட்டமா வைச்சிட்டுப் போறீங்கள்."

"அதுக்குக் களவா வந்து இறக்கிறதோ?"

"இறக்கினது ரண்டு விரல்தான்."

"இது வீடில்லை மாமி. சில்லுப் பூட்டின பெட்டி."

"பிள்ளை படுக்கிற இடம் வீடுதான்."

பிரதாபன் ஓரடி கிட்ட வந்தான். "பிள்ளை இதில படுக்கிறதெண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. வாங்கிலுக்கு மறைப்பு அடிச்சு வைச்சிருக்கிறீங்கள். அது உங்களுக்கோ, உருண்டு விழாமல்?"

மாமா சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார்.

"சொல்லியிருக்கலாமே," என்றான் பிரதாபன்.

"சொன்னால் சிரிப்பீங்கள். அந்தப் பிளாட்டுக்குக் குடிபோன அண்டைக்கே சொன்னனான், கன்னி மூலையில குளியலறை, அதுவும் படி இறங்கிப் பள்ளத்தில, வேண்டாமெண்டு. நீங்களும் அவளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சனீங்கள்."

சிரித்தது உண்மை. இவன் நிறுத்திய பிறகும் துஷ்யா சிரித்துக்கொண்டிருந்தாள், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. ஒரு குளியலறை மூளையின் இரத்தக்குழாயை வெடிக்க வைக்காது. அதை இப்போது மாமிக்குச் சொல்லலாம். வேறொன்றைச் சொன்னான்.

"இந்த பிரிட்ஜ் மட்டமா நிண்டால்தான் மாமி குளிரும். சாய்ஞ்சால் வேலை செய்யாது. அண்டைக்குப் பால் திரைஞ்சது அதாலதான்."

மாமியின் கை கட்டையிலேயே நின்றது. "அந்தப் பால் என்னாலயோ?"

"ஓம்."

"கடவுளே. அதைச் சொல்லிச் சொல்லித்தானே இவள் என்னைப் பிடுங்குறாள்."

"என்னெண்டு?"

"பிள்ளையைத் தா எண்டு."

அப்படியென்றால் அதுவும் உண்மை. பிரதாபன் கொங்கிரீட்டைப் பார்த்தான். சோக்குக் கோடு பாதி அழிந்திருந்தது. "நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. நான் அம்மம்மா. தகப்பன் நீங்கள். நீங்கள் வாய் திறப்பீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறன். நீங்கள் வந்து கட்டையோட கதைச்சிட்டுப் போய்ப் படுக்கிறீங்கள்."

மாமா கைபிடியை விட்டுவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

"கோசிகா என்னோட இருக்கவேணும் மாமி," என்றான் பிரதாபன். இன்னொரு தரம் சொன்னான். "என்ர பிள்ளை என்னோட இருக்கவேணும்."

"இதுக்குள்ளயோ?"

நிர்மலா வளவுக் கதவடியில் நின்றாள். கோசிகா அவளுடைய கையை விட்டுவிட்டு மாமாவிடம் ஓடினாள்.

"இதுக்குள்ளதான்," என்றார் மாமி. "குளிருக்கு முதல் வீடெடுப்பார்."

"நான் அவளுக்கு ஒரு அறை ஒழுங்குபடுத்தி வைச்சிருக்கிறன் அம்மா. ரோஸ் பெயின்ற் அடிச்சு. கட்டிலும் வந்திட்டுது." நிர்மலா தாயிடம்தான் பேசினாள். ஆனால் பார்த்தது பிரதாபனை. "நீங்கள் பிள்ளையைத் தூக்கி நான் ஒருநாளும் காணேல்லை. தூக்கியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டன்."

அதில் பொய் இல்லை. கட்டையில் கை வைத்தது இவள் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தான். கேட்டதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. கைபிடிக் கதையும், அவன் நாளும் சுற்றுவதைப் பார்த்துச் சொன்னதாகத்தான் இருக்கும்.

"கிறிஸ்மஸுக்குக் கூட்டிக்கொண்டு வாறன் அக்கா," என்றான். "நானும் வாறன்."

நிர்மலா தலையாட்டினாளா இல்லையா என்று தெரியவில்லை. உள்ளே போனாள். பிறகு குசினிக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கனநேரம் கேட்டது.

பிரதாபன் சப்பாத்தோடு குந்தினான். மதிலோரக் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடிப்பு அளந்தான். டெக்லன் தந்தவை ஒன்றும் சரிவரவில்லை. ஒன்று கூட, மற்றது குறைய. கடைசியில் அலுமாரித் தட்டிலிருந்து ஒரு துண்டு பிளைவுட்டை அறுத்து, மெல்லிய கட்டையின்மேல் வைத்தான். மூக்குச் சில்லை இரண்டு சுற்று உயர்த்தினான். மூலைக்காலை இறக்கினான். நீர்மட்டத்தில் குமிழி நடுக்கோட்டை ஒட்டிக்கொண்டு நின்றது, ஒரு மயிர் பின்னால்.

"இவ்வளவுதான் மாமி. இதுக்கு மேல இறக்கினால் பால் பழுதாப்போகும்."

"தாழ்ந்திருக்கெண்டு எப்பிடித் தெரியும்?"

"தண்ணி ஊத்திப் பாருங்கோ."

மாமி செம்பைக் கொண்டுவந்து கரவன் தரையில் கொஞ்சம் ஊற்றினார். தண்ணீர் யோசித்தது. பிறகு ஒரு நூலாக நீண்டு, வடகிழக்கு மூலையை நோக்கி, அவசரமில்லாமல் ஊர்ந்தது. மாமி குனிந்து அதன்கூடவே போனார். மாமா திசைகாட்டியோடு பின்னால் போனார்.

"இவ்வளவு தாழ்ந்தால் காணும்," என்றார் மாமி.

அன்று வெளிச்சம் இருக்கும்போதே கோசிகா தன் தலையணையோடு வந்தாள். வாங்கிலில் ஏறி, தலையணையை முன் ஜன்னலடியில் போட்டு, மல்லாந்து படுத்தாள்.

"பிளேன் தெரியுது!"

"வடக்க தலை வைச்சுப் படுக்கக்கூடாது பிள்ளை," என்று மாமி படியில் நின்று சொன்னார். ஏறிவந்து தலையணையை மறுபக்கம் வைத்தார். கோசிகா திரும்ப எடுத்து ஜன்னலடியில் வைத்தாள். மாமி எடுத்தார். கோசிகா பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நீங்கள் சொல்லுங்கோ."

இருவரும் அவனைப் பார்த்தார்கள். பிரதாபன் பிரிட்ஜைச் சாத்திவிட்டு வந்து வாங்கிலின் விளிம்பில் இருந்தான். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தான். அவன் நினைத்திருந்ததைவிடப் பாரமாக இருந்தாள்.

"பிளேன் பார்க்குமட்டும் அந்தப் பக்கம்," என்றான். "நித்திரை வந்தால் இந்தப் பக்கம். நான் திருப்பிவிடுறன்."

மாமி தலையணையை விட்டார். போர்வையை உதறி விரித்தார்.