நானூற்றுப் பன்னிரண்டு

தில்லையம்பலத்தாருக்குப் பெற்ற பிள்ளைகளின் பிறந்த தேதி தடுமாறும். கருவேலம்பிட்டித் தொகுதியின் தேர்தல் முடிவுகள் தடுமாறா. நாற்பத்தேழில் வென்றது யார், ஐம்பத்தாறில் எத்தனை வாக்கால், அறுபதில் ஒரே வருடத்தில் இரண்டு தேர்தல் வந்தபோது எந்தக் கிராமம் காலை வாரியது என்று எல்லாம் தலைகீழ்ப் பாடம். பாரிசின் லா சப்பல் பகுதியில் ஒரு தமிழ் மரக்கறிக் கடையின் பின்பக்கத்துக்குத் தேத்தண்ணீர் குடிக்க வருகிற எவரையும் பிடித்து உட்கார்த்தி ஒப்புவிப்பார். எங்கே தொடங்கினாலும் கதை எழுபத்தேழில் வந்துதான் நிற்கும்.

"எங்கடை சாவடியிலை நானூற்றுப் பன்னிரண்டு பேர். நானூற்றுப் பன்னிரண்டு வோட்டும் விழுந்தது. எதிர் வோட்டெண்டு ஒண்டும் இல்லை. கட்சி ஏஜெண்டாய்க் கதிரையிலை இருந்தது ஆர்? நான்!"

முன்பக்கத்தில் வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருக்கும் அருள்மலருக்கு அந்தக் கணக்கைக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரியும். நானூற்றுப் பன்னிரண்டில் அவளும் ஒருத்தி. ஆனால் அவள் அன்று வாக்குச்சீட்டில் புள்ளடி போடவே இல்லை.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. முதல் வோட்டு. குளத்தடிக் குடியிருப்பிலிருந்து பதினேழு பேர் ஒன்றாக நடந்து போனார்கள். கோயில் கிணற்றில் தங்களைத் தண்ணீர் அள்ள விடாதவர்களின் கட்சிக்கு அந்தப் பதினேழு பேரும் வோட்டுப் போடமாட்டார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. ஐம்பத்தாறிலிருந்து அவர்களுடைய வோட்டு கிணற்றடியில் கூட வந்து நின்ற இடதுசாரிக்காரருக்குத்தான். சாவடியில் அவள் பெயரை வாசித்தவுடனே தில்லையம்பலத்தார் கையைத் தூக்கினார்.

"இது அந்த அருள்மலர் இல்லை. ஆள் மாறாட்டம்."

அவள் பிறந்த நாளிலிருந்து அவளைக் கண்ட மனிதர்! அவருடைய வீட்டு வளவுக்குத்தான் அவளைப் பெற்ற அப்பு வருடா வருடம் வேலி அடைத்தார். அதிகாரி வெளியூர்க்காரர், சத்தியக் கடதாசி ஒன்றை நீட்டி, நீ சொல்வது பொய்யென்றால் மறியலில் அடைப்பார்கள் என்றார். மறியல் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பு அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் வந்த வழியே திரும்பினார்கள். பின்னேரம் பதினேழு பெயருக்கும் யார் யாரோ வந்து கள்ள வோட்டுப் போட்டு முடித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பதினொரு வருடமாக அந்தச் சோற்றின் ருசியைப் பேசுகிறார் மனிதர்.

எண்பத்தெட்டுக் கார்த்திகையில் அவர் முதன்முறையாகக் கடையின் முன்பக்கத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, சுகமாய் இருக்கிறியளே?"

அருள்மலர் தராசிலிருந்து கையை எடுத்தாள். ஊரில் அவள் அவருக்கு 'எடியே'. இங்கே தங்கச்சி, அதுவும் 'இருக்கிறியள்'! காரியம் ஆகும்வரை கழுதையின் காலையும் பிடிக்கத்தானே வேண்டும். காரியம் இதுதான். அவர் வலன்ரைன் என்ற யாரோ ஒருவருடைய கடவுச்சீட்டில் வந்து இறங்கியவர். அவர்தான் தில்லையம்பலம் என்பதை அகதி அலுவலகம் நம்பவில்லை. கேஸ் ஒரு தரம் விழுந்துவிட்டது, மேல்முறையீடுதான் கடைசி. அதே தொகுதிக்காரர், வதிவிட அனுமதிக் கார்ட் உள்ளவர் ஒருவர் சாட்சிக் கடிதம் எழுதி, கார்டின் பிரதியையும் வைக்கவேண்டும். கருவேலம்பிட்டியிலிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்தது இரண்டே பேர். ஒன்று அவர், மற்றது அவள்.

"நான் நான்தான் எண்டு எழுதித் தந்தால் காணும் தங்கச்சி. வேறை ஒண்டும் வேண்டாம்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மூன்று நாள் யோசித்தாள். முடியாது என்றால் அவரைப் பிடித்து ஊர் யுத்தத்துக்குள் திரும்பிப் போக விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். அவர் போய்ச் சாகட்டும் என்று நினைக்க அவளால் முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு எழுதவும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் உள்ளதை உள்ளபடியே எழுதினாள்.

'இவர் கருவேலம்பிட்டித் தில்லையம்பலம்தான். எழுபத்தேழில் எங்கள் சாவடியில் கட்சி ஏஜெண்டாக இருந்தவர். நான் நானில்லை என்று சொல்லி என்னை வோட்டுப் போட விடாமல் திருப்பியவர் இவர். குளத்தடியார் பதினேழு பேரின் வோட்டையும் வேறு ஆட்கள் போட்டார்கள். இவருடைய முகத்தை நான் மறக்கமாட்டேன்.'

வாசித்துக் காட்டியபோது தில்லையம்பலத்தாரின் முகம் கறுத்தது.

"இதை எப்பிடித் தங்கச்சி அங்கை குடுக்கிறது?"

"நீங்கள் ஆரெண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும் அண்ணை? நான் பொய் எழுதேல்லை. விருப்பமெண்டால் குடுங்கோ."

அவர் கடிதத்தையும் கார்டின் பிரதியையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அன்று அருள்மலருக்கு நெஞ்சு இலேசாக இருந்தது. எங்கோ ஓர் அலுவலகத்தில், ஒரு கோப்பில், அந்தப் பதினேழு பேரும் ஒரு தரமாவது எழுத்தில் இருக்கப்போகிறார்கள். அப்பு அதைப் பார்க்க இல்லையே என்பதுதான் அவளுக்குக் குறை.

மாசி மாதம் தில்லையம்பலத்தாருக்குப் பத்து வருடக் கார்ட் கிடைத்தது. கடைக்கு லட்டுப் பெட்டியோடு வந்தவர் அருள்மலரிடம் மட்டும் நேராகப் பாராமல் ஒன்றை நீட்டினார். வெட்கப்படுகிறார் போலும் என்று அவள் நினைத்தாள்.

அடுத்த நாள், பாரிசிலேயே ஸ்டாலின்கிராட் மெற்றோப் பக்கம் அகதிக் கேஸ்களை மொழிபெயர்க்கும் பேர்ளி முருங்கைக்காய் வாங்க வந்தாள்.

"அக்கா, தில்லையம்பலம் அங்கிளுக்கு என்ன வடிவாய்க் கடிதம் குடுத்தியள்! நான்தான் பிரெஞ்சிலை மாத்தினது. 'எங்கள் ஊர் ஒரே மனதாய் நின்று வாக்களித்தது, குளத்தடி மக்களும் அண்ணையின் பின்னாலேயே நின்றார்கள்' எண்டு... வாசிக்கவே மேல் சிலிர்த்தது. உங்கடை கையெழுத்தும் முத்து முத்தாய்."

அருள்மலரின் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். பின்பக்கத்திலிருந்து, "நானூற்றுப் பன்னிரண்டு வோட்டும்..." என்ற குரல் கேட்டது. ஊரில் அந்த மாசியில் மறுபடி தேர்தல் நடந்ததால் அவரைச் சுற்றி நல்ல கூட்டம். அவள் கையைக்கூடத் துடைக்காமல் உள்ளே போனாள்.

"அண்ணை, என்ரை பெயரிலை கையெழுத்து வைச்சது ஆர்?"

தேத்தண்ணீர்க் கோப்பை அவர் வாயருகில் நின்றது. "காரியம் முடிஞ்சுதுதானே தங்கச்சி. இப்ப ஏன் அது?"

"எழுபத்தேழிலை என்ரை புள்ளடியைப் போட்டது ஆர்? அதையும் சொல்லுங்கோ. என்ரை பெயர் உங்களுக்கு ரெண்டு தரம் உதவியிருக்கு. ஒருதரமும் என்னைக் கேக்கேல்லை."

"உனக்கென்னடி இப்ப?" கோப்பையை மேசையில் அடித்து வைத்தார். "இஞ்சை வந்து ஒரு கார்ட் எடுத்தவுடனை வாய் நீண்டிட்டுது, என்ன?"

கார்ட் கைக்கு வந்ததும் பழைய 'எடி'யும் வந்துவிட்டது. கூட்டம் தேத்தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "விடுங்கோ அக்கா, பழைய கதை," என்றார் ஒருவர், நல்லவர் போல.

அருள்மலர் தராசடிக்குத் திரும்பி வந்தாள். அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். அவருடைய பவிசு அன்றோடு முடியும். போட்டால் அவர்கள் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கோப்பிலிருக்கும் முத்து முத்தான கையெழுத்தையும் இவளுடைய கிறுக்கலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நீதான் அருள்மலர் என்பதற்கு உன் தொகுதியிலிருந்து ஒரு சாட்சியைக் கொண்டுவா என்பார்கள். பாரிசில் அப்படி இருப்பது ஒரே ஓர் ஆள். அந்த ஆள் பின்பக்கத்தில் மறுபடி எழுபதிலிருந்து தொடங்கியிருந்தார்.