கூட்டேரிப்பட்டில் இடித்த வண்டி

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் கைகோத்துக்கொண்டு ரோட்டைக் கடக்க இறங்கியதைப் பார்த்துத்தான் கிருஷ்ணவேணி பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது. பிள்ளைகள் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்வதற்குள் பின்னாலிருந்து ஒரு வண்டி வந்து மோதியது.

அவளுக்கு வளவனூரில் உரக்கடை. மூட்டை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்வந்து பல வருஷமாக வண்டி ஓட்டுகிறவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் தேவநாதனுக்கு ஓட்டத் தெரியாது. மகள் ஆர்த்தியின் கல்யாணப் பத்திரிகை வைக்க இருவரும் திண்டிவனம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அடி ஏதாவது பட்டுச்சா?" என்று கேட்டாள். தேவநாதன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினான். இரண்டு பக்க இண்டிகேட்டரையும் எரியவிட்டு, பின்னால் லாரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்கினாள். பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. டிக்கி உள்ளே அமுங்கியிருந்தது. இடித்தது பெரிய வெள்ளை வண்டி. அதற்குக் கீறல்கூட இல்லை. கைபேசியில் இரண்டையும் படம் எடுக்கக் குனிந்தாள்.

"ஏம்மா, நடுரோட்டுல எதுக்கு நிறுத்தன? பொம்பளைங்க கையில வண்டியக் குடுத்துட்டு எவன்டா உள்ள உக்காந்துக்கினு இருக்கறது?"

குரல் வந்த பக்கம் நிமிர்ந்தாள். பெரியதம்பி. ஆர்த்திக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் தாய்மாமன். திண்டிவனத்தில் நெல் மில் வைத்திருப்பவர். நிச்சயதார்த்தத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்து தட்டை மாற்றியவர்.

அவரும் அவளை அடையாளம் கண்டுகொண்டார். ஒரு நொடிதான் தடுமாறினார். பிறகு சிரித்தார். "அட, நம்ம சம்பந்தியா. நீயாம்மா ஓட்டிக்கினு வந்த? சரி வுடு, சொந்தத்துக்குள்ள இன்னா. திடீர்னு நிறுத்திட்டேன், தப்புதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ."

"பசங்க குறுக்க வந்தாங்க. நின்னேன். நீங்கதான் ஒட்டிக்கினு வந்து இடிச்சீங்க."

அதற்குள் தேவநாதன் ஓடிவந்து கையைக் கூப்பினான். "மன்னிச்சிக்கோங்க சம்பந்தி. அவளுக்குக் கொஞ்சம் படபடப்பு. நான் சொல்றேன் அவகிட்ட."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன், பிள்ளைகள் ஓடியதைத் தன் கண்ணாலேயே பார்த்தவன்.

அப்போதுதான் வெள்ளை வண்டியின் முன்சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தவனைக் கவனித்தாள். மாப்பிள்ளை மணிமாறன். அவள் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். பாதிதான் இறக்கினான்.

"தம்பி, நீங்க பாத்தீங்கல்ல? நான் எதுக்கு நிறுத்தனேன்?"

"மாமாகிட்டயே பேசிக்கோங்க அத்தை," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

அவள் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு, பம்பரைக் கயிற்றால் கட்டி, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டினாள். தேவநாதன் வழியெல்லாம் கெஞ்சினான். ஸ்டேஷன் வாசலில் காரைவிட்டு இறங்க மறுத்துவிட்டான். உள்ளே எழுதிக்கொண்டிருந்த ஏட்டு, சாட்சி உண்டா என்று கேட்டார்.

"உண்டு. மணிமாறன்னு. அந்த வண்டியிலதான் இருந்தாரு."

"யாரு அவரு?"

"எனக்கு மருமவனா வரப்போறவரு."

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். "ஏம்மா, இத வூட்ல உக்காந்து பேசி முடிச்சிக்கக் கூடாதா?"

"வூட்ல பேசறதுக்கு இது வூட்ல நடக்கல சார். எழுதிக்கோங்க."

மறுநாள் இரண்டு தரப்பும் வரட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் ஆர்த்தி கொதித்துப்போய் நின்றாள். மணிமாறனின் அம்மா போனில் கத்தித் தீர்த்திருந்தாள். "எங்க அண்ணன் மேல கேஸ் குடுக்கறவ வூட்ல பொண்ணு எடுக்கணுமா" என்று கேட்டிருந்தாள்.

"என்ன ஒரு வார்த்தை கேட்டியாம்மா நீ? கல்யாணம் உனக்கா எனக்கா? ஒரு சாரி சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"எதுக்குடி சொல்லணும்? நடுரோட்டுல அந்தாளு பேசனதுக்கா? உங்கொப்பன் கும்பிட்டாரு. அவன் கண்ணாடிய ஏத்திக்கினான்."

"யாரு?"

"மணிமாறன். முன்சீட்டுல இருந்தான்."

ஆர்த்தி நம்பாமல் பார்த்தாள். "அவரு மில்லுல இருந்ததாச் சொன்னாரே. மாமா வந்து சொல்லித்தான் தெரியும்னாரு."

அங்கேயே நின்று அவனைப் போனில் கூப்பிட்டாள். "நீங்க வண்டியில இருந்ததா அம்மா சொல்லுது" என்றாள். அவன் குரல் தாழ்ந்து வந்தது. "மாமா அப்டிச் சொல்லச் சொன்னாரு ஆர்த்தி. என்ன வளத்தவரு அவரு. நான் இன்னா பண்ண முடியும்?"

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வாங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க. மாமாவத் திட்ட வேணாம், எங்கம்மாவுக்காகப் பேச வேணாம். பாத்தது மட்டும்."

வருவதாகச் சொன்னான்.

வந்தான். மாமனுக்குப் பின்னால், இஸ்திரி போட்ட சட்டையில். ஏட்டு கேட்டபோது ஒப்பித்ததுபோல் சொன்னான். ரோடு காலியாகத்தான் இருந்தது. அத்தை காரணமே இல்லாமல் நிறுத்திவிட்டார். பெரியதம்பி மீசையைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"பசங்க யாருமே இல்லையா?" அம்மாவோடு வந்திருந்த ஆர்த்தி கேட்டாள்.

"இல்ல."

"என்னப் பாத்துச் சொல்லுங்க."

அவன் ஏட்டின் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்த்தி இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். அப்புறம் எழுந்து வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். கிருஷ்ணவேணி போய்க் கதவைத் திறந்தபோது, "வண்டிய எடும்மா. இந்தக் கல்யாணம் வேணாம்" என்று மட்டும் சொன்னாள். வளவனூர் வரைக்கும் அழுதாள்.

வழக்கு எங்கும் போய்ச் சேரவில்லை. இன்சூரன்ஸில் காரைச் சரிசெய்து கொடுத்தார்கள். தேவநாதன் கிருஷ்ணவேணியோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். ஆனால் பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் போய்க் கல்யாணம் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு அவள்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

முதலில் விக்கிரவாண்டியில் ஒரு சொந்தக்காரர் வீடு. தேவநாதன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஜாதகத்துல ஏதோ சரியில்லன்னுட்டாங்க" என்றான். வீட்டுக்காரம்மா கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ பாவம். பொண்ணுக்கு தோஷமா?"

கிருஷ்ணவேணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எம் பொண்ணுக்கு ஒரு தோஷமும் இல்லக்கா. மாப்பிள்ளையோட மாமன் எங்க வண்டிய இடிச்சான். அந்தப் பையன் கூடவே இருந்து பாத்துட்டு, பசங்களே குறுக்க வரலன்னு போலீஸ்ல பொய் சொன்னான். அதான் வேணாம்னுட்டோம்."

காருக்குத் திரும்பியதும் தேவநாதன் வாயைத் திறந்தான். "மானத்த வாங்கிட்ட."

"யாரோட மானத்த? பொண்ணுக்கு தோஷம்னு ஊர்முழுக்கச் சொல்லிக்கினு வர்றதுக்கா நான் உனக்கு வண்டி ஓட்டறேன்? இன்னொரு வாட்டி ஜாதகம்னு சொன்ன, அங்கயே இறக்கி வுட்டுட்டுப் போயிடுவேன். பஸ்ஸுல வா."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்தது திண்டிவனத்தில் அவனோடு முன்பு வேலை பார்த்த விருத்தாசலத்தின் வீடு. வண்டி இடித்த அன்று பத்திரிகை வைக்கக் கிளம்பியது இங்கேதான்; வருவதாகப் போனில் சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்ததும் அவர் விஷயத்தைக் கேட்டார். அவள் பேச வாயெடுப்பதற்குள் தேவநாதன் முந்திக்கொண்டான்.

"அந்தக் கதைய ஏன் கேக்கற. நட்டநடு ரோட்டுல எங்க காரு மேல இடிச்சான் அவன் மாமன். பச்சக் கொழந்தைங்க போறாங்க, நாங்க நின்னோம். பொம்பளைன்னுகூடப் பாக்காம அசிங்கமாப் பேசறான். நான் வுடுவனா? ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துட்டேன். இந்தப் பையன் பொய் சாட்சி சொல்றான். இவனுக்கா எம் பொண்ணக் குடுப்பேன்னு அங்கயே முடிச்சிட்டேன்."

அவனுக்கு நிஜமாகவே கோபத்தில் முகம் சிவந்திருந்தது. விருத்தாசலம் அவன் தோளைத் தட்டினார். "நல்ல காரியம் பண்ண தேவா. வேற யாருக்கு வரும் இந்தத் தைரியம்?"

கிருஷ்ணவேணி கணவனையே பார்த்தாள். பெரியதம்பி மேல் வந்ததைவிட, மணிமாறன் மேல் வந்ததைவிட அதிகமான கோபம் அவளுக்கு அப்போது வந்தது. விருத்தாசலத்தின் மனைவி இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.