வாத்தியார் பார்த்த பெட்ரோல்

பால்ச்சாமிக்கு வாய் கொஞ்சம் நீளம். கை சுத்தம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு முப்பது வருடத்துக்கு மேலாக மோட்டார் சைக்கிள் பார்க்கிறார். "என் கை பட்ட வண்டி நடுரோட்டுல நின்னதாச் சரித்திரமே கிடையாது" என்று நாளைக்கு நாலு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. எவனாவது வேர்க்க விறுவிறுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், முதலில் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்வார். "பெட்ரோலு பாத்துத்தான் எடுத்தீகளா, இல்ல ஏசுவடியான் வாத்தியார் பாத்த மாதிரியா?" சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பேச்சு எம்.ரெட்டியபட்டி, வீரசோழன் வரைக்கும் பரவி, மோட்டார் சைக்கிளைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட உலையில் அரிசி போட மறந்தவளைப் பார்த்து "வாத்தியார் பெட்ரோல் கதையா?" என்று கேட்கும் அளவுக்குப் பழமொழியாகிவிட்டது.

அந்த வாத்தியாரின் மகள் ஒருநாள் தன் கொட்டகை வாசலில் வந்து நிற்பாள் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

1993, ஜூன் மாதத் தொடக்கம். டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, கயிறு போட்டுக் கட்டி ஒரு பழைய பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் வந்து இறங்கியது. டயர் இரண்டும் வெடித்துத் தோலாகத் தொங்கின. சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்திப் பல தலைமுறை ஆகியிருந்தது. கூட வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பந்தல்குடிப் பள்ளிக்கூடத்து டீச்சர்.

"எம் பேரு ரூத். ஏசுவடியான் வாத்தியார் மக."

பால்ச்சாமி வாயை மூடிக்கொண்டார். அதுவே ஒரு அதிசயம்தான்.

கதை ஊருக்கே தெரியும். 1963 ஜூலையில் வாத்தியாரின் மனைவிக்குப் பிரசவ வலி கண்டு, குழந்தை இறங்காமல் கிடந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து டாக்டரம்மாவைக் கூட்டி வர, பட்டப்பகலில் இந்த பி.எஸ்.ஏ.யை எடுத்துக்கொண்டு வாத்தியார் கிளம்பினார். பாதி வழியில் வண்டி நின்றது. பெட்ரோல் குழாயைப் பிடுங்கிப் பார்த்தார், சொட்டு வரவில்லை. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். டாக்டரம்மாவின் காரில் திரும்பி வந்தபோது குழந்தை பிறந்திருந்தது, தாய் போய்விட்டாள். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் போன மனுசன் என்று மாமியார், செத்த மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்லி அழுதாள். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டிய வாத்தியார், பிறகு அந்தக் கதவைத் திறக்கவேயில்லை. அன்றைக்குப் பிறந்தவள்தான் ரூத்.

"அப்பா வேணாம்னாக. நாந்தான் கேக்காம ஏத்திட்டு வந்துட்டேன்" என்றாள் அவள். "வண்டி ஓடணும்ணே. ஆனா அதுக்கு முந்தி ஒண்ணு. அன்னைக்கு டேங்குல பெட்ரோல் இருந்துச்சா இல்லையான்னு நீங்க பாத்துச் சொல்லணும்."

"அன்னைக்கே வாத்தியாரய்யா தொறந்து பாத்திருக்கலாமே?"

"பயம்ணே. தொறந்து பாத்து, இல்லைன்னு ஆயிட்டா? பூட்டி வச்சுட்டா ரெண்டுல எதுவா வேணும்னாலும் இருக்கலாம்ல. அவுகளுக்கு எழுவத்தஞ்சு ஆச்சு. தெரியாமலே போயிரக் கூடாது."

மறுநாள் காலை பால்ச்சாமி வேலையை ஆரம்பித்தார். டேங்க் மூடி துருவேறி ஒட்டிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மரச்சுத்தியலால் நாலு பக்கமும் தட்டித் திறந்தார். பழைய வார்னிஷ் வாடை குப்பென்று அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தார். டேங்கின் உட்சுவரில் சுற்றிவர ஒரு பழுப்புக் கோடு. கண்மாயில் தண்ணீர் வற்றினாலும் கரையில் கோடு நிற்குமே, அந்த மாதிரி. கம்பியை விட்டு அளந்தார். நாலு அங்குலம். நாலு அங்குலம் பெட்ரோல் இருந்தால் மதுரைக்கே போய் வரலாம்.

வாத்தியார் பெட்ரோல் பார்த்திருக்கிறார்.

அப்படியானால் குழாயில் ஏன் வரவில்லை? கம்பி முனையை வளைத்துக் கொக்கியாக்கி அடியில் துழாவினார். குழாய்க்குப் போகிற துவாரத்தில் என்னமோ அடைத்துக்கொண்டு வர மறுத்தது. இழுத்தார். எலுமிச்சம்பழ அளவில் கறுப்பாக, பிசினாக ஒரு உருண்டை வந்தது. புது பெட்ரோலில் போட்டு அலசி, விரலால் பிரித்தார். நூல். உள்ளே போகப் போகக் கறுப்பு குறைந்து, நடுவில் கத்திரிப்பூ நிறம் மங்கலாகத் தெரிந்தது. மேலே சுற்றிக் கட்டியிருந்த முடிச்சு நெசவுக்காரன் போடுகிற முடிச்சு. அதையும் இடக்கைக்காரன் போடுகிற மாதிரி மாற்றிப் போட்டிருந்தது.

பால்ச்சாமி இடக்கைக்காரர். நெசவுக்குடும்பத்துப் பிள்ளை. கேனில் வருகிற பெட்ரோலில் மண்ணும் துருவும் கிடக்கும் என்று, தறியில் கழிந்த நூலை உருண்டை கட்டி டேங்க் வாயில் வைத்து அதன் வழியாக ஊற்றுவது அவர் கண்டுபிடித்த வேலை. இந்த வட்டாரத்தில் வேறு எந்த மெக்கானிக்கும் அப்படிச் செய்வதில்லை. இன்றைக்கும் பெருமையாகச் செய்துகொண்டிருந்தார்.

முப்பது வருடத்துக்கு முன், அந்தப் பிரசவத்துக்கு முந்திய சனிக்கிழமை மெல்ல ஞாபகம் வந்தது. புதுக் கொட்டகை. வாத்தியார் டேங்கைக் கழுவச் சொல்லிவிட்டு நின்றார். கழுவி, நூல் வைத்து, பெட்ரோல் ஊற்றி மூடினார். நூலை எடுத்தாரா? எவ்வளவு யோசித்தும் எடுத்த ஞாபகம் வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். நூலைப் பிழிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு ரூத் நேரே வந்தாள். "பாத்தீங்களாண்ணே?"

"முப்பது வருசம் ஆச்சுல்ல, டீச்சர். இருந்தாலும் ஆவியாப் போயிருக்கும். எப்படிச் சொல்ல முடியும்?"

அவள் டேங்கைக் கையால் ஒருதரம் தடவினாள். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். முப்பது வருடமாகக் கை சுத்தம் என்று பேர் வாங்கிய மனிதர், அன்றைக்கு வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி வீட்டுக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து, சட்டையைத் துவைக்க எடுத்த அவர் மனைவி கோகிலாம்பாள் பையிலிருந்து அந்த நூலை எடுத்து விரித்துப் பார்த்தாள். "ஏங்க, இது மாமா முக்குன சாயம்ல? அந்த ஒரு பாவு நூலுக்குத்தான் இந்தக் கலரு விழுந்துச்சு, அப்புறம் எவ்வளவு முக்கியும் வரலைன்னு அத்தை சொல்லிச் சொல்லி மாளாது. எங்க கிடைச்சுச்சு?"

"ஒரு வண்டியில."

"நல்லா இருக்குதே! யாரு வண்டியில?"

பால்ச்சாமி நூலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கள்ளனுக்குப் பக்கத்திலேயே சாட்சியைக் குடிவைத்த மாதிரி ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் வேலை பார்த்த விதத்தைப் பார்த்தவர்கள், மெக்கானிக்குக்கு ஏதோ வேண்டுதல் போல என்று கேலி பேசினார்கள். இறுகிப் போன பிஸ்டனில் மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஐந்து நாள் காத்திருந்தார். ஆறாம் நாள் அது ஒரு நூல் அளவு நகர்ந்தபோது கண் கலங்கியது. பொறி கிளப்புகிற மேக்னெட்டோவை மதுரைக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பி சுற்றி வாங்கி வந்தார். டேங்குக்குள் புளித்தண்ணீரும் பொடிக்கல்லும் போட்டுக் கையாலேயே மணிக்கணக்காகக் குலுக்கித் துருவை எடுத்தார். துருவோடு அந்தப் பழுப்புக் கோடும் போயிற்று. போனதும்தான் அவருக்குச் சுரீரென்றது. நாலு அங்குலத்துக்கு இனி உலகத்தில் அவரைத் தவிர சாட்சி கிடையாது.

இதற்கிடையில் வேறொருவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். கொட்டகையில் நின்ற ஒருவர் முந்திக்கொண்டு, "என்னப்பா, வாத்தியார் பெட்ரோலா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டு, பால்ச்சாமி ஏன் சிரிக்கவில்லை என்று திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஸ்பானரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார்.

ஜூலை பிறந்தது. பதினேழாவது உதையில் பி.எஸ்.ஏ. உறுமியது. மறுநாள் சனிக்கிழமை காலை, பால்ச்சாமி தானே அதை ஓட்டிக்கொண்டு பந்தல்குடிக்குப் போனார். லாரிகள் புழுதியை இறைத்துப் போன ரோட்டில் வண்டி கொஞ்சமும் திக்காமல் ஓடியது. பாதி வழியில் நின்றாலாவது திரும்பிப் போகலாமே என்று ஒரு இடத்தில் நினைத்தார். நிற்கவில்லை.

வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு ஏசுவடியான் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, முண்டா பனியன், மடியில் பேப்பர். சத்தம் கேட்டதும் பேப்பர் நழுவி விழுந்தது. ரூத் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். பால்ச்சாமி வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார், எஞ்சினை அணைக்கவில்லை.

வாத்தியார் எழுந்து வந்து டேங்கின்மேல் கையை வைத்தார்.

"பெட்ரோல் பாத்தியாப்பா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. அவர் எல்லோரிடமும் அப்படிக் கேட்பவர். முப்பது வருடமாக, வாசலில் இருந்து வண்டி எடுக்கிற யாரையும் அவர் அதைக் கேட்காமல் அனுப்பியதில்லை. பஸ் டிரைவரைக்கூடக் கேட்டிருக்கிறார்.

பால்ச்சாமி எஞ்சினை அணைத்தார். பையிலிருந்து நூலை எடுத்து நீட்டினார்.

"பெட்ரோல் இருந்துச்சுய்யா. அன்னைக்கு இருந்துச்சு. இந்த நூலு போயி அடைச்சிருச்சு. இது எங்க வீட்டு நூலு. டேங்கைக் கழுவிட்டு எடுக்க மறந்தவன் நான். டீச்சர்ட்டயும் பொய் சொல்லிட்டேன்."

ரூத் அப்பா பக்கத்தில் வந்து நின்றாள். வாத்தியார் நூலை வாங்கவில்லை. மகளைப் பார்த்துத் திரும்பினார்.

"பாத்தேன் ரூத்து. ஸ்கேலை விட்டுப் பாத்தேன். கரும்பலகையில கோடு போடுற ஸ்கேலு. நாலு அங்குலம் இருந்துச்சு. உங்க அம்மாச்சி கேக்கும்போது சொன்னேன். யாரும் நம்பல. எல்லாரும் சொல்லச் சொல்ல, நாம அப்படி நெனச்சுக்கிட்டமோன்னு எனக்கே ஆகிப்போச்சு."

"நாலுதான்யா" என்றார் பால்ச்சாமி. டேங்கைத் தொட்டுக் காட்டினார். "உள்ள கோடு இருந்துச்சு. நான் அளந்தேன். நாலு அங்குலம்."

வாத்தியார் உட்கார்ந்துவிட்டார். அழுதார். எழுபத்தைந்து வயது மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி, கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அழுதார். ரூத் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தானும் அழுதாள். பால்ச்சாமி வெயிலில் நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து வாத்தியார் நிமிர்ந்தார்.

"நூலு கை தவறி விழுந்துச்சு. அது யாருக்கும் நடக்கும், அத நான் மன்னிச்சிருவேன். ஆனா அந்தப் பேச்சு? அத நீயும்தானே பேசிக்கிட்டுத் திரிஞ்ச? கடைத்தெருவுல எம் பிள்ளை காதுபட எத்தன பேரு சிரிச்சிருக்கான்."

"பேசுனேன்யா. நாந்தான் அதிகமாப் பேசுனேன்."

"யார் யார்ட்டப் பேசுனியோ, அவுக அம்புட்டுப் பேருட்டயும் போயி இதையும் சொல்லு. உன் கொட்டகையில வச்சுச் சொல்லு."

"சொல்றேன்யா."

"ரூத்து, அந்த ஸ்கேலை எடு."

கறுத்துப்போன மர ஸ்கேலை அவள் கொண்டுவந்து கொடுத்தாள். வாத்தியார் டேங்க் மூடியைத் திருகித் திறந்து, ஸ்கேலை அடி வரைக்கும் விட்டு எடுத்தார். ஈரம் ஏறிய இடத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்தார்.

"அஞ்சு" என்றார். மகளிடம் நீட்டினார். "நீயும் பாரு."

"அஞ்சுப்பா."

பால்ச்சாமியிடம் நீட்டினார். "நீயும் பாத்துச் சொல்லு."

"அஞ்சுய்யா" என்றார் பால்ச்சாமி.

வாத்தியார் மூடியைத் தானே இறுக்கி மூடினார். உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பால்ச்சாமியை வண்டியில் ஏறச் சொல்லித் தானும் பின்சீட்டில் ஏறி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கல்லறைத் தோட்டத்துக்கு விடு. அவகிட்டயும் சொல்லணும்."